புதிர் விடைகளை ஓட்ட ஒரு குட்டி லைப்ரரி

நிரல் எழுதித் தீர்க்கும் அட்வென்ட் ஆஃப் கோட் புதிர்களை எரிக் வாஸ்டல் 2015-இல் தொடங்கினார். 2024 வரை டிசம்பரில் ஆண்டுக்கு 25 நாள். 2025-இல் 12 நாளாகக் குறைத்துவிட்டார். பழைய ஆண்டுகளும் திறந்தே இருப்பதால் போடப் போட ஃபைல்கள் குவிகின்றன. என்னுடையவை ஒவ்வொன்றும் இன்புட்டை, அதாவது புதிரோடு தரும் தரவை, ஒவ்வொரு விதமாகப் படித்துக்கொண்டிருந்தன. எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் ஓட்டலாம் என்று பைத்தானில் ஒரு லைப்ரரி எழுத உட்கார்ந்தேன்.

ஆண்டுக்கு ஒரு ஃபோல்டர், நாளுக்கு ஒரு ஃபைல், அதில் புதிரின் இரண்டு பகுதிக்கும் இரண்டு ஃபங்ஷன். இன்புட்டை ஸ்ட்ரிங்காக வாங்கி விடையைத் திருப்பித் தருவதோடு அவற்றின் வேலை முடிந்தது. ஃபைலைத் திறப்பது, பிரிண்ட் செய்வது எல்லாம் அவற்றை ஓட்டும் நிரலான ரன்னர் பார்த்துக்கொள்ளும். இந்த ஒரு விதி போதும், புதிரில் வரும் எடுத்துக்காட்டையும் உண்மையான இன்புட்டையும் அதே ஃபங்ஷனில் ஓட்டிவிடலாம். எடுத்துக்காட்டு தப்பினால் ரன்னர் அங்கேயே நின்றுவிடும்.

விதிக்கு அடங்காத புதிர்கள்தான் அதிக நேரம் எடுத்தன. 2022-இன் 15ஆம் நாள் எடுத்துக்காட்டில் 10ஆம் வரிசையைப் பார்க்கச் சொல்கிறது, உண்மையான இன்புட்டில் 20,00,000ஆம் வரிசையை! அதனால் ஃபங்ஷனுக்குக் கூடுதலாக ஒரு மதிப்பை அனுப்ப வழி செய்தேன். அதே ஆண்டு 5ஆம் நாளின் இன்புட் பெட்டி அடுக்குகளின் படம். முதல் வரியே இடைவெளியில் தொடங்கலாம். முன்பக்கத்தை வெட்டினால் படம் நகர்ந்துவிடும் என்பதால் வரி முடிவைக் குறிக்கும் கடைசி நியூலைனை மட்டும் நீக்குகிறேன். 10ஆம் நாளின் இரண்டாம் பகுதியில் விடை எண்ணே இல்லை, புள்ளிகளால் வரைந்த எட்டு எழுத்துகள். அதைப் படிக்கத் தனி நிரல் எழுதுபவர்கள் உண்டு. எனக்குக் கண் இருக்கிறது, அப்படியே திரையில் காட்டிவிட்டேன்.

இன்புட் ஆளுக்கு ஆள் மாறும், அதை எடுக்க, நாம் யார் என்று தளத்துக்குக் காட்டும் லாகின் செஷன் குக்கீ வேண்டும். அது நிரலுக்குள் வரக்கூடாது. நிரலுக்கு வெளியே கணினியில் அமைக்கும் என்விரான்மென்ட் வேரியபிளில் வைத்தேன். இன்புட்டை ஒருமுறை இறக்கியதும் டிஸ்க்கில் சேமித்துக்கொள்கிறேன், மறுபடி சர்வரைத் தட்டுவதில்லை. இன்புட்டைப் பொதுவில் போடவேண்டாம் என்று வாஸ்டல் கேட்டிருப்பதால் அந்த ஃபோல்டரை, நிரலின் மாற்றங்களைப் பதிந்து பகிர உதவும் கிட் (Git) பக்கமே விடவில்லை. இறக்குவதும் சேமிப்பதும் மட்டும்தான் தேவை என்றால் அட்வென்ட்-ஆஃப்-கோட்-டேட்டா என்ற பைத்தான் லைப்ரரியே போதும், சொந்தமாக எழுத வேண்டாம்.

விடையைத் தானாகச் சமர்ப்பிக்கும் வசதியை வேண்டுமென்றே சேர்க்கவில்லை. தப்பான விடைக்கு அடுத்த முயற்சிவரை காக்கவைப்பார்கள். அனுப்பும் முன் ஒருமுறை கண்ணால் பார்ப்பது நல்லது.

அப்புறம் நேரக் கணக்கு. பத்து வருடப் பழைய கணினியிலும் 15 விநாடிக்குள் முடியும் தீர்வு ஒவ்வொரு புதிருக்கும் உண்டு என்று அந்தத் தளமே சொல்கிறது. அதைத் தாண்டுபவற்றை ரன்னர் சிவப்பில் காட்டும். இப்போது அந்தச் சிவப்புகளைத்தான் ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.