கணுக்கால் முறிவும் கணினி போட்ட குலுக்கலும்

என் கணுக்காலில் இருபுறமும் எலும்பு முறிந்து, தகடும் திருகாணிகளும் வைத்து அறுவை சிகிச்சை செய்திருந்தார்கள். இரண்டு வாரம் கழித்துத் தையல் பிரிக்கப் போன அன்று, ஆய்வுக்குப் பொறுப்பான செவிலியர் ஒரு தகவல் ஏட்டைக் கையில் கொடுத்தார். அவர்கள் அறிய விரும்பியது இதுதான்: தையல் பிரித்ததுமே காலை ஊன்றி நடக்கலாமா, அல்லது ஆறு வாரம் முடியும்வரை பாதம் தரையில் படாமல் ஊன்றுகோலோடு இருக்க வேண்டுமா?

“இது உங்களுக்கே தெரியாதா?” என்று மருத்துவரிடம் கேட்டேன். “தெரியாது” என்றார், கொஞ்சமும் தயங்காமல். சீக்கிரம் ஊன்றினால் தகடு அசைந்துவிடும் என்பது ஒரு சாரார் பயம். ஊன்றாமலே வைத்திருந்தால் மூட்டு இறுகி, கெண்டைக்கால் தசை கரைந்துபோகும் என்பது மறு சாரார் பயம். இரண்டுமே பெரும்பாலும் பழக்கத்தில் வந்தவை என்றார்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே ஓர் உதாரணம் சொன்னார். தலையில் அடிபட்டவர்களுக்கு வீக்கம் வடியட்டும் என்று பல பத்தாண்டுகளாக ஸ்டீராய்டு கொடுத்து வந்தார்கள். ‘கிராஷ்’ என்ற ஆய்வு அதைச் சோதிக்க 20,000 பேரைச் சேர்க்கத் திட்டமிட்டது. 10,008 பேர் சேர்ந்த நிலையில், 2004-இல் அதை நிறுத்தினார்கள். ஸ்டீராய்டு பெற்றவர்களில் இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் 21.1 விழுக்காடு, பெறாதவர்களில் 17.9. நல்லது என்று நம்பிச் செய்ததில் எத்தனை உயிர் போயிருக்கும் என்று யோசித்தபடியே ஒப்புதல் படிவத்தைப் படித்தேன். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினாலும் சிகிச்சை தொடரும் என்ற வரியைத்தான் இரண்டு முறை படித்தேன். பயணச் செலவை யார் தருவார்கள், இரவில் கால் வீங்கினால் யாரை அழைப்பது என்பதையும் கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

யார் எந்தக் குழு என்பதைக் கணினிதான் குலுக்கிப் போடும். செவிலியர் பொத்தானை அழுத்தினார். எனக்கு விழுந்தது ஆறு வாரக் காத்திருப்பு. மருத்துவரும் மாற்ற முடியாது, நானும் கெஞ்ச முடியாது. எனக்குப் பிறகு உள்ளே போனவர் உடனே நடக்கும் குழுவில் சேர்ந்து, பெரிய பூட்ஸ் போன்ற காலணியை மாட்டிக்கொண்டு என்னைத் தாண்டி நொண்டிப் போனார். பொறாமையாக இருந்தது என்பதை ஒளிப்பானேன். எது நல்லது என்று ஒருவருக்கும் தெரியாது என்று அரைமணி நேரத்துக்கு முன்புதான் கேட்டிருந்தேன். மனம் அதற்குள் முடிவு கட்டிவிட்டிருந்தது.

அந்த வாரங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அக்குள் புண்ணானது, பொறுமை போனது, கெண்டைக்கால் மெலிந்தது.

ஆய்வின் நிஜமான வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பம். கால் மடங்கும் கோணத்தை அளந்த இயன்முறை மருத்துவர், முதல் வார்த்தையாக, “எந்தக் குழு என்று மட்டும் வாய் தவறிச் சொல்லிவிடாதீர்கள்” என்றார். நான் எந்தப் பக்கம் என்று தெரிந்தால் அவர் கை அறியாமலே ஓரிரு டிகிரி கூட்டியோ குறைத்தோ அளந்துவிடுமாம். நடப்பவருக்குத் தான் நடப்பது தெரியாமல் மறைக்க வழியில்லை, அளப்பவருக்காவது மறைக்கிறார்கள். உதட்டைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

பிறகு வினாத்தாள். ஓலெருட்–மொலாண்டர் மதிப்பெண் என்று பெயர். பூஜ்யத்திலிருந்து 100 வரை. வலி, விறைப்பு, வீக்கம், படியேறுதல், ஓடுதல், குதித்தல், குந்தி உட்காருதல், ஊன்றுகோல் போன்ற துணை, அன்றாட வேலை என ஒன்பது தலைப்புகள். உடைவதற்கு முன்பே நான் குதித்துப் பல வருடங்களாயிற்று. அதற்கு என்ன மதிப்பெண் போடுவது? படியில் ஏறும்போது தொல்லையில்லை, இறங்கும்போதுதான் ஒவ்வொரு படிக்கும் இரண்டு பாதத்தையும் சேர்த்து வைத்து இறங்கினேன். அந்த வித்தியாசத்துக்குத் தாளில் கட்டமில்லை. ‘சிரமத்துடன்’ என்பதில் குறியிட்டேன்.

ஆறாவது மாதத்தில் சலிப்பு வந்துவிட்டது. கால் தேறிவிட்டது, இன்னும் எதற்கு இந்தத் தாள்? தொலைபேசியில் செவிலியரிடம் அப்படியே கேட்டேன். தேறியவர்கள் அழைப்பை எடுப்பதில்லை, ரொம்ப மோசமானவர்களும் எடுப்பதில்லை; மிச்சமிருப்பவர்களை மட்டும் எண்ணினால் சிகிச்சையைப் பற்றிய விடையே மாறிவிடும் என்றார். அடுத்த தாளையும் நிரப்பி அனுப்பினேன்.

எங்கள் ஆய்வின் முடிவு வருமுன்னே, இதே கேள்வியோடு பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வு 2024-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியானது. 561 பேர். இரண்டு வாரத்தில் ஊன்றியவர்கள் ஆறு வாரம் காத்தவர்களைவிடப் பின்தங்கவில்லை. படித்ததும் அந்தப் பூட்ஸ்காரர் நினைவுக்கு வந்தார். அவர் கால் எப்படி இருக்கிறதோ தெரியாது. 561 பேரின் சராசரியில் அவருக்கும் விடை கிடையாது, எனக்கும் கிடையாது. ஆனால் இனி கணுக்கால் உடைந்து வருகிறவரிடம் மருத்துவர் ‘தெரியாது’ என்று சொல்ல வேண்டியிருக்காது.