வாடி வந்த நீர்ச்செடிகளைத் தொட்டியில் வைக்கும் முன் தேற்றி எடுத்த அனுபவம்

மட்டக்களப்பில் செடி வைத்த மீன்தொட்டி வளர்ப்பவர்களுக்கு நீர்ச்செடிகள் பெரும்பாலும் நாட்டின் மேற்குப் பக்கத்திலிருந்து பொலித்தீன் பைகளில் அடைபட்டு, இரவு பஸ்ஸின் சூட்டைத் தாங்கிக்கொண்டே வந்து சேருகின்றன. அப்படி வந்து, கடையின் கண்ணாடித் தொட்டியில் சில நாட்கள் வாங்குவாரின்றிக் கிடந்த கிரிப்டோகொரைன் வென்டி, அனுபியாஸ், ஜாவா பேர்ன், லுட்விஜியா ஆகியவற்றை நான் மொத்தமாக எடுத்துக்கொண்டேன். "இதெல்லாம் முடிஞ்ச சாமான் அண்ணன், தந்ததத் தாங்க, மறுகா வந்து குறை சொல்லப்படாது" என்று கடைத் தம்பி முதலிலேயே சொல்லிவிட்டார். விலை மலிவு என்பது ஒரு காரணம். மற்றக் காரணம், இலை கெட்டுப்போன செடியெல்லாம் செத்த செடியல்ல என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

இவற்றை நேரே தொட்டியில் நட நான் விரும்பவில்லை. அழுகும் இலைகள் தண்ணீரில் அமோனியாவைக் கூட்டும். அது மீனுக்கு நஞ்சு, பாசிக்கு விருந்து. கடைத் தொட்டியின் நத்தைகளும் இழைப்பாசியும் செடியோடு சேர்ந்தே வரும் என்பதால், அவற்றை வீட்டுத் தொட்டிக்குள் விட்டபின் துரத்துவதை விட வாசலிலேயே மறிப்பதுதான் புத்தி.

முதல் வேலை, எதை வைத்துக்கொள்வது, எதை எறிவது என்று தீர்மானிப்பது. இதற்கு இலையைப் பார்த்துப் பயனில்லை; வேர்த்தண்டுக்கிழங்கைத்தான் பார்க்க வேண்டும். அனுபியாஸின் கிழங்கைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்து மெல்ல அழுத்தினேன். நல்ல பகுதி பச்சை இஞ்சியின் இறுக்கத்தோடு நின்றது. கெட்ட பகுதி விரலுக்குள் நசிந்து, ஒரு துளி பழுப்பு நீரையும் சகிக்க முடியாத நாற்றத்தையும் விட்டது. அந்த அழுகல் நல்ல பகுதிக்குள் ஊர்ந்து செல்லும் தன்மை உடையது என்பதால், புதிய பிளேட்டினால் சிறு சிறு வில்லைகளாக வெட்டிக்கொண்டே போய், வெட்டுவாய் முழுவதும் வெளிறிய பச்சையாகத் தெரிந்த இடத்தில்தான் நிறுத்தினேன். ஒரு கிழங்கில் கடைசியாக மிஞ்சியது விரல் நுனியளவு துண்டுதான், ஆனாலும் அதில் ஒரு முளைக்கண் இருந்தபடியால் வைத்துக்கொண்டேன். கிரிப்டோகொரைனின் இலைகள் கண்ணாடி மாதிரி ஒளி புகுவனவாகி, தொட்டதும் கரைந்தன. அவற்றையெல்லாம் அடியோடு கத்தரித்துவிட்டேன். வெள்ளையாகவும் இறுக்கமாகவும் இருந்த வேர்களை விட்டுவைத்து, கறுத்தவற்றை நீக்கினேன். செடிச்சட்டிக்குள் இருந்த பாறைப்பஞ்சை (ரொக் வூல்) பழைய பல்துலக்கியால் பொறுமையாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. வேலையில் அலுப்பான பகுதி அதுதான்.

கிரிப்டோகொரைன் இப்படிக் கரைவதில் அதிசயம் ஒன்றும் இல்லை. பண்ணைகளில் இச்செடிகளைப் பெரும்பாலும் தண்ணீருக்கு மேலே, ஈரக்காற்றில் வளர்க்கிறார்கள். காற்றில் விட்ட இலைக்குத் தடித்த புறத்தோல் உண்டு, காற்றை உள்வாங்கும் நுண்துளைகளான இலைவாய்களும் உண்டு. தண்ணீருக்குள்ளோ காபனீரொட்சைட்டு, காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகவே பரவுகிறது. அந்த நிலைக்கு அந்த இலை உதவாது. ஆகவே செடி பழைய இலையிலிருந்து எடுக்கக்கூடியதை எடுத்துக்கொண்டு அதைக் கைவிட்டு, கிழங்கில் உள்ள சேமிப்பைக் கொண்டு தண்ணீருக்கேற்ற மெல்லிய இலையை விடுகிறது. அதோடு, இந்தச் செடி இலங்கையின் நிழல் ஓடைகளுக்கே உரியது. அதே தீவின் கிழக்குக் கரைக்கு வந்தும் அதற்கு இங்குள்ள வெயில் அந்நியமாகத்தான் இருக்கிறது.

அடுத்தது சுத்திகரிப்பு. எங்கள் வீடுகளில் கிணறு இறைத்தால் போடும் கொண்டிஸ், அதாவது பொற்றாசியம் பரமங்கனேற்று, இதற்கும் உதவும். ஆனால் கண்மதிப்பில் போட்டால் செடியையே சுட்டுவிடும். ஒரு கிராமை ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்து வைத்து, அந்தக் கரைசலில் 10 மில்லிலீற்றரை எடுத்து ஒவ்வொரு லீற்றர் தண்ணீருக்கும் கலந்தால், லீற்றருக்கு 10 மில்லிகிராம் என்ற அளவு கிடைக்கும். அதில் 10 நிமிடம் வைத்து, பிறகு நல்ல தண்ணீரில் மூன்று நான்கு முறை அலசினேன். லுட்விஜியாவின் தண்டு மெல்லியது என்பதால் அதற்குப் பாதி நேரமே கொடுத்தேன். நத்தை முட்டைகளின் வழுவழுப்பான உறைக்குள் கொண்டிஸ் சரியாக இறங்காது. ஆதலால் அனுபியாஸையும் ஜாவா பேர்னையும், நான்கு லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் படிகாரம் கரைத்த வாளியில் ஒரு நாள் முழுக்க ஊறவிட்டேன்; கண்ணில் பட்ட முட்டைகளை நகத்தால் சுரண்டியும் எடுத்தேன்.

எங்கள் பக்கத்தில் பாதி வெற்றி தண்ணீரில் இருக்கிறது. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல் நிலத்துக் கிணறுகளில், மாரி முடிந்த கையோடு தண்ணீர் நன்றாக இருக்கும். ஆடி, ஆவணியில் நாக்கில் வைத்தாலே உவர்ப்புத் தெரியும். தேறிவரும் செடிக்கு அந்தத் தண்ணீர் ஆகாது. உன்னிச்சைக் குளத்திலிருந்து சுத்திகரித்து வரும் குழாய்த் தண்ணீரை அகலமான பேசினில் பிடித்து, குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்துப் பயன்படுத்தினேன்; பீலியில் பிடித்த மழைத்தண்ணீர் இருந்தபோது அதையும் கலந்தேன்.

செடிகளை இரண்டாகப் பிரித்தேன். அனுபியாஸும் ஜாவா பேர்னும் தண்ணீருக்குள்ளேயே தேறட்டும் என்று, அவற்றைக் கருங்கல் துண்டுகளில் தையல் நூலால் கட்டி, அகன்ற மண்சட்டியில் வைத்தேன். இவற்றின் கிழங்கை மணலுக்குள் புதைத்தால் அழுகிவிடும் என்பதை அறியாமல் நல்ல செடியையே கொல்பவர்கள் அநேகர். சட்டி மண்ணாக இருந்ததற்கும் காரணம் உண்டு: சுவரில் கசியும் நீர் ஆவியாவதால், பிளாஸ்டிக் பேசினில் உள்ளதைவிடத் தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கும்.

கிரிப்டோகொரைனையும் லுட்விஜியாவையும் மூடியுள்ள பெரிய ஐஸ்கிறீம் பெட்டியில், கழுவிய ஆற்றுமணலோடு தும்புச்சோறு கலந்து நட்டேன். தும்புச்சோற்றில் உப்பு தங்கியிருக்கக்கூடும். பிழியும் தண்ணீரின் பழுப்பு நிறம் மங்கும்வரை அலசியே பயன்படுத்த வேண்டும். மண் சொதசொதவென்று ஈரமாக, ஆனால் கிழங்கு மூழ்காதபடி தண்ணீர் விட்டு மூடிவைத்தேன். அப்போது கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்த காலம். அந்த வறண்ட காற்றில் மூடி சற்று விலகியிருந்தாலே மதியத்துக்குள் மேல்மண் காய்ந்துவிடும். பெட்டியை வெயில் நேரே படாத வடக்கு யன்னலோரம் வைத்து, பூஞ்சணம் பிடிக்காதிருக்க நாளுக்கொருமுறை திறந்து காற்றுவிட்டேன்.

உரம் எதுவும் போடவில்லை. இலையே இல்லாத செடி உரத்தை வைத்து என்ன செய்யும்? பாசிதான் கொழுக்கும்.

லுட்விஜியா மிக விரைவில் கணுக்களில் துளிர்த்தது; அடித்தண்டு அழுகிய சிலவற்றை வெட்டி நுனியை மட்டும் மறுபடி நட்டேன். கிரிப்டோகொரைன் சில கிழமைகள் வெறும் மண்ணாகவே தோற்றமளித்து, பின்பு ஊசிபோல் சுருண்ட பழுப்பு நிறக் குருத்தை நீட்டியது. அனுபியாஸ்தான் மிகவும் பிந்தியது. அந்த விரல் நுனித் துண்டு பிழைக்கவில்லை, மற்றவை பிழைத்தன. ஜாவா பேர்னின் பழைய இலைகளின் அடியில் கரும்புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தபோது அது நோய் என்று எண்ணி எறியாதிருப்பது முக்கியம். அவை வித்திக்கூட்டங்கள், அதாவது விதைக்குப் பதிலாக இச்செடி இனம்பெருக்கும் நுண்தூளின் திரள்கள்; பல இலைகளில் அவற்றை ஒட்டியே குட்டிச்செடிகளும் முளைத்தன.

புது இலைகள் வந்தபின் அவற்றின் நிறம் பேசத் தொடங்கும். புதிய இலை வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்பு போதவில்லை. பழைய இலையில் ஊசித்துளைகள் விழுந்தால் பொற்றாசியம். பழைய இலை முழுவதும் மஞ்சளானால் நைதரசன். லுட்விஜியா முதல் வகையைக் காட்டியதால், அப்போதுதான் திரவ உரத்தைச் சிறிதளவு தொடங்கினேன்.

பெட்டியில் காற்றிலே விட்ட இலைகளோடு கிரிப்டோகொரைனை ஒரேயடியாகத் தண்ணீருக்குள் தள்ளினால் அது மறுபடியும் கரையும். ஆகையால் பெட்டியில் தண்ணீர் மட்டத்தை நாளுக்கு நாள் சிறிது சிறிதாக உயர்த்தி, இலைகள் முற்றாக மூழ்கி, தண்ணீருக்குள்ளேயே ஒரு புதிய இலை விரிந்த பின்னரே தொட்டிக்கு மாற்றினேன். அதன்பின்னும் ஓரிரு இலைகள் போயின, கிழங்குக்கு ஒன்றும் ஆகவில்லை. நட்டபின் இடம் மாற்றுவது அதற்குப் பிடிக்காது. எனவே முன்வரிசையில் எங்கே நிற்க வேண்டும் என்பதை முதலே தீர்மானித்து, வேரடியில் ஒரு உரவில்லையை ஆழமாகப் புதைத்துவிட்டுத்தான் நட்டேன். விளக்கை முதல் மாதம் நாளுக்கு ஆறு மணித்தியாலத்துக்கு மேல் எரியவிடவில்லை.