தாளிப்பதற்கு முன் கோட்டுகளை உள்ளே வைக்கணும்

கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டில் ராத்திரிக்கென்று தனிச் சமையல் கிடையாது. மத்தியானக் குழம்பு சட்டியில் மிச்சம் இருக்கும். தோசைக்கல்லைப் போட்டால் ஆளுக்கு மூன்று தோசை, முடிந்தது. மீன் அலசுவது, புளி கரைப்பது, குழம்பு கூட்டுவது எல்லாம் காலை பத்து மணி வேலை. ஊர் உலகமெல்லாம் இப்படித்தான் என்று ஐம்பத்தெட்டு வயது வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருஷம் முன்பு நவம்பரில் தம்பி வீட்டுக்குப் பாரிஸ் போனேன். பாரிஸ் என்பது பேச்சுக்குத்தான். வீடு ஊருக்கு வடக்கே, சார்செல் பக்கம். தம்பி கட்டியது புதுச்சேரிப் பெண், நேஷனாலிட்டி உள்ள குடும்பம். 1962 ஆகஸ்டில் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமைதான் வேண்டும் என்று ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்களில் அவள் தாத்தாவும் ஒருவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். புதுச்சேரியில் ‘சொல்தா வீடு’ என்றுதான் இன்றைக்கும் அடையாளம் சொல்கிறார்கள்.

அங்கே காலையில் ரொட்டியும் காப்பியும். மத்தியானம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சாப்பாடு, இவர்கள் இருவருக்கும் வேலை செய்கிற இடத்தில் ஏதோ ஒன்று. சோறு என்ற சொல்லே சாயங்காலம் ஆறரைக்கு மேல்தான் காதில் விழும். நாம் மூன்று வேளைக்குப் பிரித்துச் செய்வதை அவர்கள் அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் அடைக்கிறார்கள். பார்க்கவே எனக்கு மூச்சு வாங்கியது.

போன இரண்டாம் நாள், ‘நான் வைக்கிறேன், நீ உட்கார்’ என்று தம்பி பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குள் போனேன். அடுப்பே கண்ணாடிப் பலகை மாதிரி இருந்தது. தீயே இல்லை. நம் ஊரிலிருந்து கொண்டு போன மண்சட்டி அதில் சூடேறாதாம், மூலையில் வெங்காயம் போட்டு வைத்திருந்தாள். தட்டையான ஒரு பாத்திரத்தில் குழம்பு கொதித்தது. கடைசியாக எண்ணெய் காயவைத்து, நான் கொண்டு போன வடவத்தை ஓர் உருண்டை உதிர்த்துப் போட்டேன். அது சிவக்கும்போது வரும் வாசனைக்காகத்தானே குழம்பே வைப்பது!

தலைக்கு மேலே கீ என்று ஒரு சத்தம். உயிரே போய்விட்டது. புகை வந்தால் கத்துகிற கருவி. 2015 முதல் அங்கே எல்லா வீட்டிலும் கட்டாயமாம். தம்பி குளியல் துண்டோடு ஓடி வந்து அதற்கு விசிறுகிறான், சின்னவன் காதைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறான். அவளோ அடுப்புப் பக்கம் திரும்பவே இல்லை. வாசலில் மாட்டியிருந்த குளிர் கோட்டுகளை அள்ளிக்கொண்டு படுக்கையறைக்கு ஓடினாள்.

‘வாசனை கோட்டுல ஏறினா போகாது அண்ணி. காலையில ரயில்ல பக்கத்துல நிக்கிறவங்க திரும்பிப் பார்ப்பாங்க.’

அன்றிலிருந்து எனக்கும் பழகிவிட்டது. முதலில் கோட்டுகள் உள்ளே. பிறகு அறைக்கதவு சாத்த வேண்டும், புகைபோக்கியை முழு வேகத்தில் வைக்க வேண்டும். அப்புறம்தான் கடுகோ வடவமோ.

வடவம் போடத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சின்ன வெங்காயம், பூண்டு, உளுத்தம்பருப்பு, கடுகு, வெந்தயம், சீரகம், மஞ்சள், கறிவேப்பிலை. எல்லாவற்றையும் பிசறி, பங்குனி சித்திரை வெயிலில் பரப்பி, சாயங்காலம் மறுபடி உருட்டி வைக்க வேண்டும். விளக்கெண்ணெய் விடாமல் செய்தால் அது வடவமே இல்லை, நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு நாள் அங்கே பெரிய கடையில் ஒரு சின்னப் புட்டியைக் காட்டினாள். ‘வடூவான்’ என்று எழுதியிருந்தது. நம் வடவம்தான், பிரெஞ்சுக்காரன் வாயில் அப்படி ஆகிவிட்டது. வாங்கி முகர்ந்து பார்த்தேன். கறிப்பொடி வாசனை வந்ததே தவிர விளக்கெண்ணெய் வாசனை துளியும் இல்லை.

மீனுக்கு அங்கே குறையில்லை. ‘மக்ரோ’ என்று விற்பது நம் கானாங்கெளுத்திக்கு ஒன்றுவிட்ட அண்ணன். கொழுப்பு கூடுதல், புளியை ஒரு பிடி ஏற்றிக் கரைத்தால் சரியாகிவிடும். ஆனால் துறைமுகத்தில் கூடையில் துள்ளுகிற சங்கராவைப் பார்த்த கண்ணுக்கு, ஐஸ் மேல் அடுக்கி வைத்த மீன் கொஞ்சம் சோகமாகத்தான் தெரியும். பெட்டியில் நெய் கொண்டு போகக்கூடாது, பால் சமாச்சாரம், இறைச்சி எதற்கும் தடை. கருவாட்டுக்குத் தடையில்லை, ஆளுக்கு இருபது கிலோ வரை விடுகிறார்கள். இது தெரியாமல் நான் நெய்யை வைத்து, பிறகு எடுத்து, அந்த இடத்தில் நெத்திலியை அடைத்தேன். அவர்களுக்கு அதுதான் கொண்டாட்டம்.

தினமும் இப்படி என்று நினைக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை லா ஷப்பேல் போய் இலங்கைத் தமிழர் கடைகளில் பொன்னி அரிசி, குட்டிக் கத்திரிக்காய் எல்லாம் வாங்கி வருவார்கள். வெங்காயமும் தக்காளியும் ஒரு அண்டா வதக்கி, டப்பா டப்பாவாக உறைய வைப்பாள். திங்கள், செவ்வாய் அந்த டப்பாவில் ஓடிவிடும். நடுவில் ஒரு நாள் கூஸ்கூஸ். ரவை உப்புமா மாதிரியே தாளித்து, மேலே கொத்தமல்லி தூவி. ‘இது அரேபியர் சாப்பாடு அத்தை’ என்று பெரியவள் எனக்குப் பாடம் எடுத்தாள். வெள்ளிக்கிழமை பாஸ்தா. எனக்கு மட்டும் ரசம் வைத்துக் கொடுத்தாள், அதில் பாஸ்தாவைப் போட்டுச் சாப்பிட்டேன். சொன்னால் சிரிப்பீர்கள், பரவாயில்லாமல் இருந்தது. குழம்பு மீந்தால் மறுநாள் நீள ரொட்டியைப் பிய்த்துத் தொட்டுக்கொள்கிறார்கள். இதை மட்டும் நான் இங்கே வந்தும் விடவில்லை. புதுச்சேரிக்குப் போகும்போதெல்லாம் ரொட்டி வாங்கி வருகிறேன்.

இப்போது அங்கே குளிர்காலம், நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி வித்தியாசம். நேற்று ராத்திரி பதினொன்றரைக்குப் போன் வந்தது. அவர்களுக்கு மணி ஏழு. போனைச் சர்க்கரை டப்பா மேல் சாய்த்து வைத்துவிட்டு வேலை பார்த்தாள். எனக்குத் தெரிந்தது அவள் முழங்கையும் பாதிப் பாத்திரமும்தான். குழம்பு தளதளவென்று கொதித்தது.

‘வடவம் இன்னும் மூணு உருண்டைதான் இருக்கு அண்ணி.’

‘பங்குனி வரைக்கும் வெச்சு ஓட்டும்மா. போட்டதும் யார் கையிலாவது கொடுத்தனுப்புறேன்’ என்றேன்.

பதில் வரவில்லை. முழங்கை காணாமல் போனது. எங்கேயோ அறைக்கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. சரி, தாளிக்கப் போகிறாள்.