புகைச்சல்லித் தீவு: டிராகன் சுட்ட சுண்ணாம்பு

டிராகன் இடிபாடுன்னு நெட்ல தேடுனா வர்ற படம் எல்லாமே ஒரே அச்சு, பாசி புடிச்ச கருங்கல் கோட்டை, கொடி சுத்துன தூண், பின்னாடி பச்சை மலை. பாக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா அது குளிர் நாட்டு இடிபாடு. எங்க மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் இடிஞ்சு கெடக்குற எதுலயும் பாசி கெடையாது, வெயிலும் உப்பும் விட்டாத்தான. அதனால எங்க செட்டு விளையாடுற பகடை கதைக்கு (நான்தான் கதை சொல்றவன், மத்தவங்க எல்லாம் வீரன், மந்திரவாதி, திருடன்) டிராகன் தீவு ஒண்ணு வேணும்னு வந்தப்ப நம்ம கடலை வச்சே கட்டிருவோம்னு உக்காந்துட்டேன்.

தீவு பேரு புகைச்சல்லி. மன்னார் வளைகுடாவுல புலுவினிச்சல்லி, காரியச்சல்லின்னு நெசமாவே தீவு இருக்கு, அந்த வரிசையில இதையும் சொருகிட்டேன். கதை உலகத்துல தெக்க போற கப்பல்காரங்க எல்லாருக்கும் அந்த இடம் தெரியும், கடல் நடுவுல பனி ஒரு வெள்ளைச் சுவரு மாதிரி நிக்கும், உள்ள போன படகு ஒழுங்கா திரும்புனதில்ல, அங்க ஒரு காலத்துல டிராகனுங்க ஊர் கட்டி வாழ்ந்துச்சுன்னு மட்டும் பேச்சு. இதுவரைக்கும் யாரு வேணா எழுதிரலாம். அந்தப் பனி எங்கருந்து வருதுன்னு யோசிக்க ஆரம்பிச்சப்பதான் எனக்கே கதை சூடு புடிச்சுச்சு.

நம்ம கடல்ல அந்த மாதிரி மூடுபனி வராது. மார்கழியில விடியக்காலை கொஞ்சம் மங்கலா இருக்கும், வெயில் ஏறுனா போயிரும், அவ்வளவுதான். கடல்ல நாள் கணக்குல பனி நிக்கணும்னா தண்ணி குளுந்து இருக்கணும், அதுக்கு மேல ஈரமான சூடு காத்து வந்து படியணும், அப்பதான் காத்துல இருக்குற ஈரம் துளியாகி அப்படியே தொங்கும். நம்ம தண்ணி வருஷம் பூரா வெதுவெதுன்னு கெடக்கு, பாக் நீரிணை பக்கம் ஆழமும் ரொம்பக் கம்மி, அடியில குளுந்த தண்ணின்னு ஒண்ணு இருந்தாத்தான மேல வர்றதுக்கு.

எங்க செட்டுல கீழக்கரை பய ஒருத்தன் ஓமன்ல சலாலாவுல வேலை பாத்தவன், அவன்தான் எடுத்துக் குடுத்தான். ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் ஓமன்ல மத்த ஊரு நெறைய 40 டிகிரிக்கு மேல வெந்துக்கிட்டு கெடக்கும்போது சலாலா மட்டும் பனியும் தூறலுமா பச்சைப்பசேல்னு இருக்குமாம், கரீஃப் சீசன்னு சொல்லுவாங்க, வளைகுடா நாட்டுல இருக்குறவங்க எல்லாம் குடும்பத்தோட கார் எடுத்துட்டு வந்து நனைஞ்சுட்டு போவாங்களாம். காரணம் நமக்கு இங்க அடிக்கிற அதே தென்மேற்குப் பருவக்காத்துதான். அந்தக் கரையை ஒட்டியே காத்து அடிக்கும்போது மேல்தண்ணியை கரையை விட்டு வெளிய தள்ளிருது, அந்த இடத்தை ரொப்ப அடியில இருந்து குளுந்த தண்ணி மேல வருது, அது மேல ஈரக்காத்து படிஞ்சா பனி. அதே காத்துதான் இங்க கச்சான்னு பேரு வச்சுக்கிட்டு மணலை அள்ளி மூஞ்சியில அடிக்குது, மன்னார் பக்கத்து ஆண் கடலை கொந்தளிக்க விடுது, நமக்கு மட்டும் சொட்டு பனி இல்ல!

அங்கதான் டிராகனை உள்ள கொண்டு வந்தேன். புகைச்சல்லியை சுத்தி இருக்குறது ஆழமில்லாத கடல், ஆனா ஆழ்கடல்ல இருந்து தீவு வரைக்கும் ஒரு பள்ளம் வெட்டியிருக்கு, டிராகனுங்க தலைமுறை தலைமுறையா நகத்தால தோண்டுன பள்ளம். (கடல்ல கால்வாய் வெட்டுறதுன்னா எம்புட்டு வாக்குவாதம் வரும்னு நம்மூர்க்காரங்களுக்கு சொல்லவா வேணும், டிராகன் சபையிலயும் அதுக்கு ரெண்டு கட்சி உண்டு.) கச்சான் காத்து அடிக்க ஆரம்பிச்சா அந்தப் பள்ளம் வழியா குளுந்த தண்ணி ஏறி வந்து தீவைச் சுத்திப் பரவும், பனி எந்திரிக்கும், மனுசக் கப்பலுக்கு தீவு தெரியாது. வாடைக்காத்து காலத்துல பனி கொஞ்சம் விலகும், அப்ப மட்டும்தான் உள்ள நுழைய வழி. டிராகனுங்க செத்து எத்தனையோ காலம் ஆச்சு, பள்ளம் மட்டும் இன்னும் வேலை செய்யுது. தீவுல இடிஞ்சு கெடக்குற மண்டபத்தை விட அந்தப் பனிதான் அவங்க விட்டுட்டுப் போன பெரிய கட்டுமானம், அதுதான் இன்னும் இடியாம நிக்குது. இந்த ஒரு விஷயத்தை எங்க ஆளுங்க கண்டுபுடிச்சுட்டா போதும், மீதி கதை தானா வந்துரும்.

அடுத்து கல்லு. தனுஷ்கோடி சர்ச்சை எல்லாரும் தூரத்துல நின்னு போட்டோ எடுத்துட்டு பஜ்ஜி திங்கப் போயிருவாங்க, ஒருக்க சுவரு கிட்டப் போய் பாருங்க. பூச்சு உதிர்ந்த இடத்துல தெரியுறது சாதாரணக் கல்லு இல்ல, பவளப்பாறையை வெட்டி அடுக்குனது, ஒவ்வொரு கல்லுலயும் நட்சத்திர வடிவத்துல பொடிசு பொடிசா குழி, ஒரு குழிக்கு ஒரு உயிர்னு வாழ்ந்த இடம் அது. விரலை வச்சு தேச்சா மாவா உதிரும். 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல் வந்து ஊரையும், பாம்பன்ல இருந்து வந்த பாசஞ்சர் ரயிலையும் சேத்து அள்ளிட்டுப் போச்சு, ஆனா அன்னைக்கு தப்பிச்ச சுவரை அதுக்கப்புறம் தின்னுக்கிட்டு இருக்குறது உப்பு. கடல் ஈரம் கல்லோட துவாரத்துக்குள்ள போகும், வெயில்ல தண்ணி மட்டும் காஞ்சுரும், உப்பு உள்ளயே பரலா வளந்து கல்லை உள்ள இருந்தே நெம்பி உடைக்கும். என் தீவுலயும் சுவரு அப்படித்தான் போகுது, கொடி கெடையாது, பாசி கெடையாது, மேல்பக்கம் அரிச்சு கீழ்பக்கம் மணல் ஏறி, வாசல் எல்லாம் குனிஞ்சு நுழையுற உயரத்துக்கு வந்துருச்சு.

சரி, டிராகன் எப்படிய்யா வீடு கட்டும், அதுக்கு கொத்தனாரா இருக்குன்னு எங்க திருடன் கேட்டான். நல்ல கேள்வி. அந்தக் காலத்துல இங்க கடல்ல இருந்து பவளத்தை வெட்டி எடுத்து காளவாயில போட்டு சுண்ணாம்பு சுட்டாங்கல்ல, பவளம்னா கால்சியம் கார்பனேட்டு, 900 டிகிரி கிட்ட சூடு குடுத்தா கரியமில வாயு பிரிஞ்சு போயி சுட்ட சுண்ணாம்பு நிக்கும், அதுல தண்ணி விட்டா கொதிச்சு நீறும், நீத்துன சுண்ணாம்பை பூசுனா காத்துல இருந்து அதே வாயுவை திரும்ப இழுத்துக்கிட்டு மறுபடி கல்லா இறுகும். இதுல மனுசனுக்கு கஷ்டமான வேலை என்ன, அந்த சூடு. டிராகனுக்கு அது ஒரு மூச்சு! பவளத்தை குவிச்சு வச்சு ஊதுனா சுண்ணாம்பு ரெடி. சண்டையில ஊரைக் கொளுத்துறதுக்கு மட்டுமே டிராகன் தீயை வச்சிருக்குற கதையெல்லாம் படிச்சுப் படிச்சு அலுத்துப் போச்சு, அவ்வளவு சூட்டை கையில வச்சுக்கிட்டு ஒருத்தன் காளவாய் போடாம இருப்பானா.

தீவு அழிஞ்சதும் அதே சுண்ணாம்பாலதான். இதை யோசிக்க நான் ரொம்ப தூரம் போகல. ராமேஸ்வரத்துல இருந்து தூத்துக்குடி வரைக்கும் 21 தீவு, 1986ல தேசியப் பூங்கான்னு அறிவிச்சாங்க, அதுல பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் இப்ப தண்ணிக்கு அடியில. தீவைச் சுத்தி இருக்குற பவளப்பாறைதான் அலையோட வேகத்தை வாங்கிக்கிற தடுப்பு, அதை வருஷக்கணக்கா வெட்டி எடுத்தா அலை நேரா வந்து மணலை அரிக்குது. 2001ல பவளத்தை வனவிலங்குச் சட்டத்து முதல் அட்டவணையில சேத்தப்புறம்தான் வெட்டுறது அடங்குச்சு. என் டிராகனுங்களுக்கு அப்படி ஒரு சட்டம் போட ஆள் இல்ல. அரண்மனை பெருசாக பெருசாக பவளம் கொறைஞ்சுக்கிட்டே வந்துச்சு, கடைசியில ஒரு வாடைக்காத்து காலத்துல தடுப்பே இல்லாம கடல் உள்ள வந்துருச்சு. வீரன் வந்து வாள்ல குத்தி எல்லாம் யாரும் சாகல.

குடிதண்ணிக்கு என்ன பண்ணுவாங்கன்னும் கேட்டாங்க, சுத்தி உப்புக்கடல். தனுஷ்கோடியில பாத்தவங்களுக்குத் தெரியும், கடலுக்குப் பக்கத்துலயே மணலைக் கையால தோண்டுனா நல்ல தண்ணி ஊறும், அக்காமாருங்க சிரட்டையால மெதுவா மோந்து குடத்துல ஊத்துவாங்க. மழைத்தண்ணி மணல்ல இறங்கி, உப்புத்தண்ணியை விட எடை கம்மிங்கறதால அது மேலயே மிதந்து நிக்குது. அவசரப்பட்டு ஆழமா தோண்டுனா உப்பு ஏறிரும். தீவுல எங்க ஆளுங்க உயிர் பொழைக்கிறதே இதை வச்சுத்தான், முரட்டுத்தனமா கெணறு வெட்டுற வீரனுக்கு உப்புத்தண்ணிதான் கெடைக்கும்னு நான் இப்பவே எழுதி வச்சுட்டேன்.

மிச்சம் இருந்த டிராகனுங்க என்ன ஆச்சுங்கறதுதான் எனக்கு ரொம்பப் புடிச்ச இடம். தீ மறந்து போச்சு, றெக்கை சுருங்கி துடுப்பாச்சு, கடல்ல இறங்கி புல்லு மேய ஆரம்பிச்சுருச்சுங்க. ஆமா, ஆவுளியாதான், வெளியூர்க்காரங்க கடல்பசுன்னு சொல்லுவாங்க. 3 மீட்டர் நீளம், 400 கிலோ வரைக்கும் எடை, நாள் பூரா கடல்புல்லு, சில நிமிஷத்துக்கு ஒருக்க மேல வந்து மூச்சு விடும். அந்த மூச்சுதான் தீயா இருந்துச்சுன்னு வச்சுக்கங்களேன். நெசத்துல ஆவுளியாவுக்கும் யானைக்கும்தான் தூரத்து சொந்தம், அது எனக்கும் தெரியும், பின்னூட்டத்துல வந்து பாடம் எடுக்காதீங்க. பாக் விரிகுடாவுல 2022ல அதுக்குன்னே 448 சதுர கிலோமீட்டருக்கு காப்பகம் அறிவிச்சிருக்காங்க, என் கதையில அதை காப்பாத்துறது தீவுல மீனு புடிக்கிற வயசான பொம்பள ஒருத்தங்க, ஏன் காப்பாத்துறாங்கன்னு அவங்க வாய தொறந்து சொல்ல மாட்டாங்க.

எங்க திருடனுக்கு மட்டும் இன்னும் மனசு ஆறல. "மாப்ள, டிராகன் தீவுன்னு கூட்டிட்டுப் போயி புதையல்னு சுண்ணாம்பைக் காட்டுறியே, நல்லா இருக்கா இது? ஒரு பவுன் தங்கம் வச்சா கொறைஞ்சா போயிருவ?"ன்னு ஒரே புலம்பல். அவனுக்காகவே பாதாளத்துல ஒரு பெரிய அறை வச்சிருக்கேன், உள்ள மலை மாதிரி சுட்ட சுண்ணாம்பு, மேல்பக்கம் பனி பட்டு ஒரு முழத்துக்கு ஓடா இறுகி மூடியிருக்கு, அடியில பூரா இன்னும் நீறாதது. ஓட்டுக்கு மேல யாரோ ஒரே ஒரு தங்கக் கிண்ணத்தை வச்சுட்டுப் போயிருக்காங்க. இவன் பனிக்குள்ள நடந்து வந்ததுல தலையில இருந்து கால் வரைக்கும் சொட்டச் சொட்ட நனைஞ்சிருப்பான், இடுப்புல தோல்பையில தண்ணி வேற, ஆசையில ஓட்டு மேல ஏறுவான்னு எனக்குத் தெரியும். இந்தப் பதிவை அவன் படிக்க மாட்டான்னு நம்பி எழுதுறேன், படிச்சவங்க யாரும் அடுத்த ஆட்டம் முடியுற வரைக்கும் அவன்கிட்ட சொல்லிறாதீங்க.