காரைத் தாழ்த்தினேன், டயர் உரசியது: மூன்று முறை கழற்றி மாட்டிய அனுபவம்

நேற்று காரில் ஐந்து பேர் ஏறினோம். டிக்கி நிறையப் பைகள். எப்போதும் பின்டயர் 'கர்ர்ர்' என்று கத்தும் அதே வேகத்தடையில் ஏறி இறங்கினேன். சத்தமே இல்லை. இறங்கிப் போய் பின்பக்க மட்கார்டின் உள்விளிம்பை விரலால் தடவிப் பார்த்தேன். ரப்பர் கருப்பு ஒட்டவில்லை. இரண்டு மாத அலைச்சலுக்குப் பிறகு அந்தச் சுத்தமான விரலைப் பார்த்ததில் கிடைத்த நிம்மதியில்தான் இதை எழுதுகிறேன்.

கார் சின்ன ஹாட்ச்பேக். முன்னால் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்தது), பின்னால் டார்ஷன் பீம் (இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் குறுக்குத் தண்டு). கம்பெனி டயர் 195/55 R15 (அகலம் 195 மி.மீ., பக்கச்சுவர் அதில் 55 சதவீதம், ரிம் விட்டம் 15 அங்குலம்), ரிம் 6ஜே (அகலம் 6 அங்குலம்), ஆஃப்செட் 45 (ஹப்பில் பொருந்தும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து வெளிப்பக்கம் எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்பது; எண் குறைந்தால் சக்கரம் வெளியே வரும்). 35 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங் செட் வாங்கினேன். கூடவே 17 அங்குல அலாய், 7.5ஜே, ஆஃப்செட் 38, அதில் 215/45 டயர். பட்டறையில் கேட்டபோது, "எத்தனையோ வண்டிக்குப் போட்டிருக்கோம் சார், ஒண்ணும் இடிக்காது" என்றார்கள். அந்த வார்த்தையை நம்பி அளவெடுக்காமல் விட்டேன். முதல் தப்பு அதுதான்.

மாட்டும் வேலை அரை நாளில் முடிந்தது. நிற்கும்போது பார்த்தால் அவ்வளவு அழகு. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. வெளியே எடுத்து முதல் திருப்பத்தில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்ததும் முன்பக்க லைனர் (மட்கார்டுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் உறை) உரசியது. அன்று மாலையே பின்சீட்டில் இரண்டு பேர் உட்கார, பின்டயரும் கத்த ஆரம்பித்தது. ஒரு வாரத்தில் பின்டயரின் தோளில் சுற்றிலும் கத்தியால் கீறியதுபோல ஒரு கோடு. மட்கார்டின் உள்மடிப்பு, பெயின்ட்டுக்குக் கீழே வெறும் தகட்டு விளிம்பு. ரப்பரை அறுக்க அது போதும். இதை 'சும்மா சத்தம்தானே' என்று யாரும் ஓட்டிவிடாதீர்கள். வேகமாகப் போகும்போது அந்த இடத்தில் டயர் வெடித்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

வாங்குவதற்கு முன் போட்டிருக்க வேண்டிய கணக்கை அப்புறம்தான் உட்கார்ந்து போட்டேன். 6ஜேயிலிருந்து 7.5ஜே என்றால் ரிம் அகலம் 38 மி.மீ. கூடுகிறது. அதில் பாதி 19, வெளிப்பக்கம் போகும். ஆஃப்செட் 45-இலிருந்து 38-க்குக் குறைந்ததால் இன்னும் 7 மி.மீ. வெளியே. மொத்தம் 26 மி.மீ. மட்கார்டை நோக்கி நகர்ந்திருக்கிறது. உள்பக்கமும் 12 மி.மீ. ஸ்ட்ரட்டை நெருங்கியிருக்கிறது. உயரம்? 195/55 R15-இன் விட்டம் சுமார் 595 மி.மீ., 215/45 R17-இன் விட்டம் 625. அதாவது டயரின் மேல்விளிம்பு 15 மி.மீ. ஏறிவிட்டது. மேலே இருந்து 35 இறங்கி, கீழே இருந்து 15 ஏறினால் மிச்சம் எங்கே இருக்கும்? ஸ்பிரிங்கை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. பாதி வினை ரிம்மிலும் டயரிலும்தான்.

பட்டறைக்குத் திரும்பப் போனேன். மட்கார்டின் உள்விளிம்பை மேல்நோக்கி மடித்துவிட்டால் சரியாகிவிடும் என்றார்கள். யோசனையில் தவறில்லை. அந்த மடிப்பு ஒரு விரல் அகலம்கூட இருக்காது, ஆனால் அதுதான் டயரை வெட்டுகிறது. செய்த முறைதான் தப்பு. ஹப்பில் (சக்கரம் பொருந்தும் மையப் பகுதி) போல்ட் போட்டு மாட்டி விளிம்பை மடிக்கும் ரோலர் அவர்களிடம் இருந்தது. ஹீட் கன் (சூடான காற்று ஊதும் கருவி) இல்லை. "மெதுவா பண்ணா போதும் சார், சூடு வேண்டாம்" என்று சொல்லி, ஆறிக் கிடந்த தகட்டிலேயே ரோலரை அழுத்தினார்கள். இடது பின்பக்கம் ஒரு சாண் நீளத்துக்குப் பெயின்ட் முடிபோல வெடித்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். நிறுத்துங்கள் என்று சொல்லி முடிப்பதற்குள் வெடித்துவிட்டது.

மடிக்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைக் கேளுங்கள். கை வைத்தால் எடுக்கத் தோன்றும் அளவுக்குப் பெயின்ட் சூடாக வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் இடையில் மறுபடி சூடு காட்ட வேண்டும். ஒரே அழுத்தில் முடிக்கப் பார்க்காமல், கொஞ்சம் கொஞ்சமாக ரோலரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே குழாயைச் செருகி வண்டியை உருட்டும் குறுக்குவழியை யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். தகடு அலை அலையாக நெளிந்து போகும். இன்னொன்று, பின்பக்க விளிம்பு ஒற்றைத் தகடு இல்லை. உள்தகடும் வெளித்தகடும் சேர்த்து ஸ்பாட் வெல்டு வைத்து, நடுவில் சீலன்ட் பூசியிருப்பார்கள். மடிக்கும்போது சீலன்ட் பிளக்கும், தண்ணீர் இறங்கும், வெளியே தெரியும் முன்பே துரு உள்ளே வேலையை முடித்துவிடும். எனக்கு ஒரு டிங்கர் அண்ணன் வெடித்த இடத்தைத் தேய்த்து, பிரைமர் அடித்து, உள்ளே புதிதாக சீலன்ட் பூசிக் கொடுத்தார். "வெடிக்கலேன்னாலும் உள்ளுக்குள்ள ஒரு கோட் அடிச்சிருங்க தம்பி" என்றார். மற்ற மூன்று சக்கரத்துக்கும் அப்படியே செய்தோம்.

மடித்த பிறகு உரசல் குறைந்தது, நிற்கவில்லை. இந்தச் சமயத்தில்தான் கார் ஒரு பக்கம் சாய்ந்து நிற்பது கண்ணில் பட்டது. ஹப்பின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்தேன். (தரையிலிருந்து அளக்காதீர்கள், டயர் காற்று கூடக் குறைய இருந்தால் அளவு மாறிவிடும்.) முன்பக்கம் இடதுக்கும் வலதுக்கும் 8 மி.மீ. வித்தியாசம். காரணம் என்ன தெரியுமா? லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழிருந்து பாடியோடு இணைக்கும் கை) புஷ் போல்ட்டுகளை, சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே இறுக்கியிருக்கிறார்கள். அப்படி இறுக்கினால் காரைக் கீழே இறக்கும்போது புஷ் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். உயரமும் சரியாக வராது, ரப்பரும் சீக்கிரம் கிழியும். போல்ட்டுகளைத் தளர்த்தி, வண்டி தன் எடையில் நிற்கும்போது திரும்ப இறுக்கியதும் இரண்டு பக்கமும் சமமாயின. கூடவே கார் இன்னும் கொஞ்சம் இறங்கி, உரசல் மறுபடி கூடியது. அன்றைக்கு உண்மையிலேயே மனசு விட்டுப் போயிற்று.

கம்பெனி ஸ்பிரிங்கையே திரும்பப் போட்டுவிடலாமா என்று யோசித்த நேரத்தில், இந்த வேலையில் பழகிய நண்பர் ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பம்ப் ஸ்டாப் இருக்கா?" ஷாக்கின் தண்டில் மாட்டியிருக்கும் அந்த ஃபோம் துண்டுதான் சக்கரம் எவ்வளவு தூரம் மேலே வரலாம் என்பதற்கு எல்லை. கழற்றிப் பார்த்தால் நாலிலும் இல்லை! பட்டறையில் கேட்டதற்கு, தாழ்த்தினால் அது இடிக்கும், அதனால் எடுத்துப் போட்டுவிட்டோம் என்று சாதாரணமாகச் சொன்னார்கள். ஸ்பிரிங்கோடு வந்த தாளில் அதை எவ்வளவு வெட்டிப் போட வேண்டும் என்று படமே இருந்தது. வெட்டச் சொன்னதை அடியோடு எடுத்துவிட்டார்கள். எல்லையே இல்லாமல் சக்கரம் மேலே வந்தால் மட்கார்டை இடிக்காமல் என்ன செய்யும்? நல்லவேளை, ஷாக் உள்ளே அடிவரை இடித்து உடைவதற்குள் தெரிந்தது.

அப்புறம் நண்பரும் நானும் செய்ததுதான் முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. காரை ஸ்டாண்டுகளில் உறுதியாக நிறுத்தினோம். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஷாக்கையும் அளவாக வெட்டிய பம்ப் ஸ்டாப்பையும் மட்டும் மாட்டி, சக்கரத்தைப் போட்டோம். (ஸ்ட்ரட்டில் ஸ்பிரிங்கைக் கழற்ற, அதை அமுக்கிப் பிடிக்கும் நல்ல ஸ்பிரிங் கம்ப்ரஸர் வேண்டும். அது நழுவினால் உயிருக்கே ஆபத்து, பழக்கமில்லாதவர்கள் தொட வேண்டாம்.) ஹப்புக்குக் கீழே ஜாக்கி வைத்து, பம்ப் ஸ்டாப் நன்றாக நசுங்கும் வரை ஏற்றினோம். பாடி ஸ்டாண்டை விட்டு எழும்பப் பார்த்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். முழுப் பள்ளத்தில் சக்கரம் எங்கே வந்து நிற்கும் என்பது அப்போது கண்ணெதிரே தெரிகிறது. குழந்தைகள் விளையாடும் களிமண்ணை மட்கார்டின் உள்விளிம்பில் பட்டையாக ஒட்டிவிட்டு ஏற்றினேன். இறக்கிப் பார்த்தபோது டயரின் வரிகள் களிமண்ணில் அப்படியே பதிந்திருந்தன. மிஞ்சிய களிமண்ணின் கனம்தான் இடைவெளி. பின்னால் 2 மி.மீ.கூட இல்லை. முன்னால் அதே நிலையில் ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒடித்ததும் லைனரைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவின் தலை டயரைத் தொட்டது. இத்தனை நாள் லைனரைச் சந்தேகப்பட்டேன், உரசியது அந்த ஒரு ஸ்க்ரூ.

அந்த அளவுகளைக் கையில் வைத்துக்கொண்டு முடிவெடுப்பது சுலபமாக இருந்தது. அலாயை விற்றுவிட்டு 7ஜே, ஆஃப்செட் 43 வாங்கினேன். வெளியே தள்ளல் 26-இலிருந்து 15 மி.மீ.க்கு வந்தது. டயர் 205/40 R17. விட்டம் கிட்டத்தட்ட கம்பெனி டயர் அளவே, ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லாது. பக்கச்சுவர் குட்டையான டயர் எடுக்கும்போது லோடு இண்டெக்ஸ் (டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் எண்) காரின் கையேட்டில் சொன்னதற்குக் குறையாமல் பாருங்கள். ஒரே அளவு எழுதியிருந்தாலும் ஒரு கம்பெனி டயர் இன்னொன்றை விடச் சில மி.மீ. அகலமாக இருக்கும், அதையும் கேட்டு வாங்குங்கள். ஸ்க்ரூவுக்குப் பதில் தட்டைத் தலை கிளிப், லைனரை ஹீட் கன்னால் இளக்கி உள்ளே தள்ளியாயிற்று. மறுபடி களிமண் வைத்தேன். பின்னால் 10 மி.மீ.க்கு மேல் கனம் நின்றது.

நடுவில் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டினால் போதும், செலவே இல்லை என்று சொன்னவர்களும் உண்டு. கேட்காதீர்கள். வெட்டிய முனை இருக்கையில் சரியாக உட்காராது, சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் கழன்று இடம் மாறலாம்.

அலைன்மென்ட் மாட்டிய கையோடு ஒரு தடவை பார்த்தாயிற்று. தாழ்த்தினால் கேம்பரோடு (முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் சாய்வு) டோவும் (மேலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் திருப்பம்) மாறும். டயரின் உள்விளிம்பைச் சீக்கிரம் தின்பது பெரும்பாலும் டோதான். ஹெட்லைட் உயரமும் அன்றே சரிசெய்தேன். புது ஸ்பிரிங் சில நூறு கிலோமீட்டரில் இன்னும் கொஞ்சம் அமரும் என்பதால் அடுத்த வாரம் அலைன்மென்ட்டை மறுபடி பார்க்கப் போகிறேன். அதுவரை, உரசினால் தெரியட்டும் என்று மட்கார்டு விளிம்பில் ஒட்டிய மாஸ்கிங் டேப் அப்படியே இருக்கட்டும். ஒவ்வொரு நீண்ட ஓட்டத்துக்குப் பிறகும் டார்ச் அடித்துப் பார்க்கிறேன். இன்று காலை வரை ஒரு கீறல் இல்லை.