அப்கிரேடுக்குப் பிறகும் கான்ஃபிக் ஃபைல் கையில் இருக்க

டெபியன், உபுண்டு சர்வர்களில் அப்கிரேட் ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் நின்று, நீங்கள் மாற்றியிருக்கும் கான்ஃபிக் ஃபைலை (புரோகிராமின் அமைப்புகள் இருக்கும் ஃபைல்) என்ன செய்யட்டும் என்று கேட்கும். வெறும் என்டர் தட்டினால் உங்கள் ஃபைல் அப்படியே இருக்கும். அந்த நேரத்துக்கு அதுதான் சரி. ஆனால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

பேக்கேஜ்களை நிறுவும் கருவியான டிபிகேஜி எல்லா ஃபைலுக்கும் இப்படிக் கேட்பதில்லை. பழைய பேக்கேஜில் வந்தது, இப்போது டிஸ்கில் இருப்பது, புதிய பேக்கேஜில் வருவது ஆகிய மூன்றின் செக்சம்மையும் (உள்ளடக்கத்தை வைத்துக் கணக்கிடும், கைரேகை போன்ற எண்) ஒப்பிடுகிறது. நீங்கள் தொடாத ஃபைலைச் சத்தமில்லாமல் மாற்றிவிடும். பேக்கேஜ் பக்கம் மாற்றம் இல்லையென்றால் உங்களுடையதை விட்டுவிடும். இரண்டு பக்கமும் மாறியிருந்தால்தான் கேள்வி வரும். பழையதை வைத்துக்கொண்டால், புதியது பக்கத்திலேயே டிபிகேஜி-டிஸ்ட் என்ற வாலோடு கிடக்கும். புதியதை ஏற்றால் உங்களுடையது டிபிகேஜி-ஓல்ட் ஆகும். கான்ஃபிக் ஃபைல்களைக் கையாளும் யூசிஎஃப் என்ற தனிக் கருவி வழியாக வரும் ஃபைல்களுக்கு வால் யூசிஎஃப்-டிஸ்ட்; டெபியனில் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து லாகின் செய்யும் வழி) சர்வரின் முதன்மை கான்ஃபிக் இந்த வகை.

அப்கிரேடை ஸ்கிரிப்டில் ஓட்டுபவர்கள் ஃப்ரன்ட்எண்டை (DEBIAN_FRONTEND) நான்-இன்டராக்டிவ் என்று வைத்தால் போதும் என்று நம்பிவிடுகிறார்கள். அது டெப்கான்ஃப் கேள்விகளை, அதாவது பேக்கேஜ்கள் நிறுவும்போது கேட்கும் அமைப்புக் கேள்விகளை மட்டுமே அடக்கும். டிபிகேஜியின் கேள்வி தனி. பதில் சொல்ல ஸ்டாண்டர்ட் இன்புட் இல்லையென்றால் அப்கிரேட் பாதியில் எரர் அடித்து நிற்கும். ஃபோர்ஸ்-கான்ஃப்டெஃப் (இயல்பான பதில் இருந்தால் அதை எடு), ஃபோர்ஸ்-கான்ஃப்ஓல்ட் (இல்லையென்றால் பழையதை வை) இரண்டையும் அப்கிரேட் கமாண்டான ஏப்டி வழியாக டிபிகேஜிக்குக் கொடுத்துவிட வேண்டும்.

தொடங்கும் முன் கான்ஃபிக் ஃபைல்கள் இருக்கும் இடிசி (/etc) டைரக்டரி முழுவதையும் டார் கமாண்டில் ஒரே ஃபைலாகக் காப்பு எடுத்து வையுங்கள். இடிசியின் மாற்றங்களைப் பதிவு செய்யும் இடிசிகீப்பர் இருந்தால் இன்னும் நல்லது, ஏப்டி ஓடும் முன்னும் பின்னும் அதுவே கமிட் போட்டுவிடும். முடிந்ததும் அந்த வால்களை ஃபைண்ட் கமாண்டில் தேடி, ஒவ்வொன்றையும் உங்கள் ஃபைலோடு டிஃப் கமாண்டில் ஒப்பிட்டுப் பார்த்து, தேவையான புதிய வரிகளைக் கையால் சேர்க்க வேண்டும். இதைத் தள்ளிப்போட்டால், நீக்கப்பட்ட ஆப்ஷன் ஒன்று பழைய ஃபைலில் இருந்து, அடுத்த ரீஸ்டார்ட்டில் சர்வீஸ் எழாமல் போகலாம். ரீலோட் செய்யும் முன் என்ஜின்எக்ஸ் (வெப் சர்வர்), எஸ்எஸ்ஹெச்டி (எஸ்எஸ்ஹெச் சர்வர்) இரண்டையும் மைனஸ் டி (-t) கொடுத்துச் சோதியுங்கள். எஸ்எஸ்ஹெச் என்றால் இன்னொரு செஷன் திறந்தே இருக்கட்டும்.

இந்தத் தலைவலியே வேண்டாமென்றால் முதன்மை ஃபைலைத் தொடாமல், அதனோடு சேர்த்துப் படிக்கப்படும் டாட் டி (.d என்று முடியும்) டைரக்டரியில் சொந்த ஃபைல் போடுங்கள். நான் எப்போதும் பரிந்துரைப்பது இதைத்தான். எஸ்எஸ்ஹெச்டியில் மட்டும் ஒரு கவனம்: பெரும்பாலான அமைப்புகளில் முதலில் படித்த மதிப்புதான் செல்லும், ஃபைல்கள் பெயர் வரிசையில் படிக்கப்படும். கிளவுட் இமேஜில் (கிளவுட் நிறுவனம் தரும் தயார் சிஸ்டம்) 50 என்று தொடங்கும் ஃபைல் பாஸ்வேர்ட் லாகினைத் திறந்து வைத்திருந்தால், நீங்கள் 99 என்று போட்டு மூடியது எடுபடாது. 10 என்று பெயர் வையுங்கள். நடப்பில் உள்ள மதிப்பை எஸ்எஸ்ஹெச்டிக்குப் பெரிய டி (-T) கொடுத்துப் பார்க்கலாம்.

ரெட்ஹேட், ஃபெடோரா போன்றவை பயன்படுத்தும் ஆர்பிஎம் பேக்கேஜ் பக்கம் கேள்வியே கிடையாது. பேக்கேஜில் நோரீப்ளேஸ் (மாற்றாதே) குறி உள்ள கான்ஃபிக் ஃபைல் தப்பும், புதியது ஆர்பிஎம்நியூ என்று வரும். குறி இல்லாவிட்டால் நீங்கள் மாற்றிய ஃபைல் ஆர்பிஎம்சேவ் என்று ஒதுங்கி, புதியது இடத்தைப் பிடித்துவிடும். அதனால் அங்கே அப்கிரேட் முடிந்த கையோடு ஆர்பிஎம்சேவைத்தான் முதலில் தேட வேண்டும்.