ஏப்ரல் 18-க்குள்

ஜனவரி 11, ஞாயிறு

என் கல்யாணத்துக்குத் தேதி கிடைத்துவிட்டது. ஏப்ரல் 18, சனிக்கிழமை. தவக்காலத்தில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். ஈஸ்டர் 5-ஆம் தேதி, அது முடிந்து வரும் இரண்டாவது சனி. "காலையா, சாயங்காலமா?" என்று ஃபாதர் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அப்பா "சாயங்காலம், ஃபாதர்" என்றார். காலையில் அவருக்கு இருமல் அதிகம்.

ஜனவரி 13

கவுன்தான். புடவை இல்லை. சித்தியிடம் சொல்லியாகிவிட்டது.

ஜனவரி 17, சனி

பெங்களூர் கமர்ஷியல் ஸ்ட்ரீட். வாடகைக்குக் கவுன் தரும் கடை, மாடியில். அப்பா வர வேண்டாம் என்று அம்மா சொன்னாள். அவர் கேட்கவில்லை. படியில் பாதியில் நின்று, சுவரில் ஒட்டியிருந்த விலைப்பட்டியலைப் படிப்பது போல நின்றார். படிக்கவில்லை, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். நாங்களும் நின்றோம்.

எடுத்துக் காட்டியதெல்லாம் பெரிய பெரிய கவுன்கள். நெட்டுக்கு மேல் நெட், உள்ளே வளையம் வைத்த கேன்கேன். கனமோ கனம், இரண்டு பெண்கள் தூக்கிப் போட்டுவிட்டார்கள். கண்ணாடியில் பார்த்தபோது மனசு நிறைந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும். சின்ன வயசிலிருந்து நினைத்திருந்தது அப்படியே எதிரே நின்றது.

"அப்பா, பக்கத்துல வந்து நில்லுங்க, போட்டோ." வந்தார். எட்டித்தான் நின்றார். கிட்டே வர முடியவில்லை. பாவாடை அவ்வளவு அகலம்.

அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தோம்.

ஜனவரி 18

ஐவரியா, சுத்த வெள்ளையா?

ஜனவரி 24, சனி

சித்தி விடுவதாக இல்லை. சிவாஜிநகர் மாதா கோயிலுக்கு அழைத்துப் போனாள். சனிக்கிழமை கூட்டம், மெழுகுவர்த்தி வெக்கை. பீடத்தைக் காட்டி, "பாரு, மாதாவே புடவைதான் கட்டியிருக்கா. உனக்கு என்னடி கவுன்?" என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை. உண்மையிலேயே அழகாக இருந்தாள் மாதா, ஜரிகை மினுங்க.

வெள்ளைக் கவுன் ஒன்றும் வேதத்தில் சொன்னது இல்லை, தெரியும். விக்டோரியா ராணி 1840-இல் தன் கல்யாணத்துக்கு வெள்ளை சாட்டினும் லேஸும் உடுத்தினாள், அதைப் பார்த்துத்தான் ஊரெல்லாம் பரவியது. அதற்கு முன் அங்கே பெரும்பாலான பெண்கள் தங்களிடம் இருப்பதில் நல்ல உடுப்பு எந்த நிறமோ அதையே உடுத்திக்கொண்டார்கள். இதெல்லாம் தெரிந்தும் எனக்குக் கவுன் வேண்டும். வரவேற்புக்குச் சிவப்புப் பட்டு கட்டிக்கொள்கிறேன், சிக்பேட்டையில் நீயே எடு என்று சித்தியிடம் சொன்னேன். கொஞ்சம் சமாதானம்.

போட்டோவை மறுபடி பார்த்தேன். அப்பா ரொம்பத் தள்ளி நிற்கிறார்.

பிப்ரவரி 7, சனி

தங்கவயல். ஞானஸ்நானச் சான்றிதழ். பீரோவில் இருக்கும் பழைய சான்றிதழ் செல்லாது, ஆறு மாதத்துக்குள் புதிதாக எழுதி வாங்கியதாக இருக்க வேண்டும். தம்பி போகிறேன் என்றான். அப்பா தானே போக வேண்டும் என்று நின்றார். சரி என்று மூவரும் மாரிக்குப்பம் ரயிலில் போனோம். ஜன்னலோரம் உட்கார்ந்த அப்பா பங்காருப்பேட்டை தாண்டியதும் நிமிர்ந்துகொண்டார்.

கோயில் அலுவலகத்தில் பழைய பதிவேட்டை எடுத்து என் பெயரைக் காட்டினார்கள். அப்பா பெயர், அம்மா பெயர், ஞானப்பெற்றோர் பெயர், நீல மையில். அப்பாவின் தொழில் என்ற இடத்தில் சுரங்கத் தொழிலாளி. அதன் மேல் அப்பா விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை.

திரும்பும்போது, சுரங்கக் கழிவு கொட்டிய சயனைடு மேட்டுப் பக்கமிருந்து காற்று அடித்தது. சாம்பல் நிறத் தூசி. அவர் மூக்கில் என் துப்பட்டாவை வைத்துப் பொத்தினேன். "இனிமே இது என்னம்மா பண்ணப்போகுது" என்றார். எனக்கு வந்த கோபத்தில் பங்காருப்பேட்டை வரை பேசவில்லை.

பிப்ரவரி 11

ஃபாதர் கொடுத்த தாளில் இருக்கிறது: தோளும் முதுகும் மூடியிருக்க வேண்டும். நான் பார்த்து வைத்ததில் முதுகு முழுக்கத் திறப்பு. லைனிங் வைக்கலாமா என்று கடையில் கேட்டால், வாடகைத் துணியில் ஊசி போடக் கூடாதாம்.

பிப்ரவரி 18, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பல் வாங்க அப்பா பீடம் வரை நடந்தார். ஒவ்வொரு பெஞ்சையும் பிடித்துப் பிடித்து.

பிப்ரவரி 28, சனி

சுரங்கம் மூடி இன்றோடு 25 வருஷம். 2001, பிப்ரவரி 28. யாரும் பேச்சை எடுக்கவில்லை. அப்பா காலையிலிருந்து ஈசிசேரில்.

டாக்டரிடம் நேற்றே கேட்டுவிட்டேன். நுரையீரலில் படிந்த கல் தூசி படிந்ததுதான், சிலிகோசிஸுக்கு அதை எடுக்கும் மருந்து கிடையாது. மூச்சைப் பார்த்துப் பார்த்துச் செலவழிக்க வேண்டும், அவ்வளவுதான். கோயிலில் நடக்கலாமா? நடக்கலாம், மெதுவாக, ஒருவர் மேல் சாய்ந்துகொண்டு.

ஒருவர் மேல். அந்த ஒருவர் நான்தான். நடுப்பாதையில் அவர் பக்கத்தில் வேறு யாரும் வரப்போவதில்லை. அங்கே பெஞ்சைப் பிடிக்கவும் முடியாது, இரண்டு பக்கமும் பூ கட்டியிருப்பார்கள். அந்த அகலப் பாவாடையைப் போட்டுக்கொண்டு நான் நடந்தால் அவர் கை என் கைக்கு எட்டுமே தவிர, உடம்பு சாய இடம் இல்லை. கால் நெட்டில் மாட்டினால்?

கேன்கேன் வேண்டாம். பின்னால் இழுபடும் டிரெயில் வேண்டாம். ஒட்டி விழுகிற பாவாடை, அப்பா என் தோளோடு தோள் நிற்கிற மாதிரி. இது முடிவு.

நான் கட்டிக்கொள்ளப்போகிறவரிடம் போனில் சொன்னேன். "நான் பாதி வழிக்கு வந்து உன்னை வாங்கிக்கிறேன், அப்பா அவ்வளவு தூரம் நடக்க வேணாம்" என்றார். நல்ல மனசு. அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது?

மார்ச் 2

அட்வான்ஸைத் திருப்பித் தர மாட்டார்களாம். அதே கடையில் வேறு கவுன் எடுத்தால் கழித்துக்கொள்வார்களாம். எல்லாமே அதே அகலம். நாற்பத்தேழு நாள் இருக்கும்போதே சொல்கிறேன், வேறு யாருக்காவது கொடுக்கலாமே. விட்டுவிட்டேன். பணம் போனது வயிறு எரிகிறது.

மார்ச் 7, சனி

இப்ராஹிம் சாஹிப் தெரு அருகே ஒரு சந்தில் ஒரு மாஸ்டர். கல்யாணக் கவுன் தைத்துப் பழகிய கை. தமிழும் உருதுவும் கலந்து பேசுகிறார். அப்பாவைக் கூட்டிப்போய்ப் பக்கத்தில் நிறுத்தினேன். "இவரு என் மேல சாஞ்சு நடக்கணும் மாஸ்டர், அதுக்குத் தக்க வெட்டுங்க." ஏன் என்று கேட்கவில்லை. அப்பாவின் கை என் கையில் எங்கே விழுகிறது என்று டேப்பை வைத்துப் பார்த்தார். அந்த இடத்தில் மணி வேலை வேண்டாம், பிடித்தால் குத்தும் என்றார். ஓரம் தரையிலிருந்து ஒரு அங்குலம் மேலே.

அப்புறம் கழுத்து. நான் கேட்டது உயரமான லேஸ் கழுத்து. "தாலி கட்டுவாங்களா?" என்றார். கட்டுவார்கள். அப்படியானால் லேஸுக்கு மேல் கட்டினால் வழுக்கும், பின்னால் நாத்தனார் முடிச்சுப் போட இடம் வேண்டும், தலையில் போடும் வெய்லைத் தூக்கிப் பிடிக்க ஒருத்தி வேண்டும். பின்கழுத்தை இரண்டு விரல் இறக்கிவிடலாம் என்றார். இத்தனை கடை ஏறினேன், ஒருவரும் தாலியைப் பற்றிக் கேட்டதில்லை.

துணி: கனமான சாட்டின், மினுக்கு இல்லாதது. ஐவரி. சுத்த வெள்ளை கோயில் டியூப்லைட்டில் நீலம் பாய்ந்து தெரியும் என்று ஜன்னல் வெளிச்சத்திலும் விளக்கு வெளிச்சத்திலும் இரண்டு துண்டையும் பிடித்துக் காட்டினார். தெரிந்தது.

மார்ச் 12

மஞ்சள் கயிறு. ஐவரித் துணி. கறை.

மார்ச் 14, சனி

மாப்பிள்ளையோட அம்மா மஞ்சள் கயிறுதான் என்கிறார்கள், அவர்கள் வீட்டு வழக்கம். புறா பதித்த தாலி, மஞ்சள் கயிற்றில். மறுக்க மனம் இல்லை. நனைக்காமல், காய்ந்த மஞ்சள் தடவி நன்றாக உதறிக் கட்டலாம் என்று அம்மா யோசனை சொன்னாள். மாஸ்டர் கொடுத்த வெட்டுத்துண்டில் தேய்த்துப் பார்த்தோம். லேசாகத்தான் பிடிக்கிறது. பிடிக்கட்டும்.

மார்ச் 15, ஞாயிறு

கோயிலில் எங்கள் கல்யாண அறிவிப்பு, முதல் ஓலை வாசித்தார்கள். என் பெயரை விட அப்பா பெயர் சத்தமாகக் கேட்டது போல இருந்தது.

மார்ச் 21

தூபம்! இவ்வளவு நாள் எப்படித் தோன்றாமல் போனது. சாம்பிராணிப் புகை அவருக்கு ஆகவே ஆகாது. ஃபாதரிடம் ஓடினேன். "கல்யாணத் திருப்பலிக்குத் தூபம் கட்டாயம் இல்லம்மா" என்றார். மண்டபத்திலும் புகை மெஷின் வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது.

மார்ச் 27

இரவு மூன்று மணிக்கு நெபுலைசர். விடியும்வரை யாரும் தூங்கவில்லை.

மார்ச் 28

பாதி வழி விஷயத்தை அவரே நேரில் வந்து அப்பாவிடம் சொன்னார். "மாமா, நான் நடுவுல வந்து நிக்கிறேன்." அப்பா அவர் கையைத் தட்டிக்கொடுத்து, "நீங்க அங்கேயே நில்லுங்க மாப்ளே. நான் கொண்டாந்து விடறேன்" என்றார். ஆக்சிஜன் சிலிண்டரைத் தோளில் மாட்டிக்கொள்ளச் சம்மதமா என்றால் அதற்கும் தலையாட்டல் இல்லை. "மூக்குல குழாயோட பொண்ணைக் கூட்டிட்டுப் போறதா?" என்னை எல்லோரும் எப்படிப் பார்ப்பார்கள் என்பது எனக்கு ஒரு பொருட்டே இல்லை. அவர் குழாயோடு வரட்டும். வரட்டும், அவ்வளவுதான்.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

அப்பா கோயிலுக்கு வரவில்லை. எனக்கு நினைவு தெரிந்து இதுதான் முதல் தடவை.

ஏப்ரல் 5

ஈஸ்டர். பிரியாணி. அப்பா இரண்டு தடவை போட்டுக்கொண்டார்.

ஏப்ரல் 9, வியாழன்

கவுன் டிரையல். இடது பக்க இடுப்பில் சுருக்கம் விழுகிறது, பிரித்துத் தைக்க வேண்டும். கழுத்து சரியாக உட்கார்ந்திருக்கிறது. மாஸ்டர் தைக்கும் பையனை அப்பாவாக நிறுத்தி நடக்கச் சொன்னார். நன்றாகச் சாய முடிகிறது. ஆனால் அவன் ஒல்லி. அப்பாவே வந்தால்தான் தெரியும்.

சிலிண்டர் வலது தோளிலா, இடது தோளிலா? அவர் என் எந்தப் பக்கம் வருகிறார் என்பதைப் பொறுத்தது, அதை இன்னும் கேட்கவில்லை. நாளைக் காலை 10 மணிக்கு டாக்டர், 11 மணிக்கு மாஸ்டர் வரச் சொல்லியிருக்கிறார். தம்பிக்கு லீவு கிடைக்குமா என்று கேட்க வேண்டும்.